முப்பது நாள் மேளம்

(மொன்றியலில் தைப்பொங்கல் விழா ஒன்றில் மிருதங்கக் கலைஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்து மேடையில் ஏறும்போதெல்லாம் என் மடியில் மிருதங்கம் இருக்கும். இன்று பேசுவதற்காக மட்டும் ஏறியிருக்கிறேன். விழாக் குழுவினர் கேட்டது இதுதான்: "மார்கழி பிறந்தால் நீங்கள் வீட்டில் நிற்பதில்லை. அந்த ஓட்டத்தைப் பற்றியே பேசுங்கள்."

மார்கழி முதல் நாளிலிருந்து பொங்கல் வரைக்கும் முப்பது நாட்கள். அதற்குள் திருவெம்பாவை வருகிறது, நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் வருகிறது, புத்தாண்டு வருகிறது, கடைசியில் பொங்கல் வருகிறது. சென்ற முப்பது நாளில் பதினேழு இடங்களில் வாசித்தேன். விடியற்காலையில் கோயில், மாலையில் தேவாலயம், சனிக்கிழமை பிற்பகலில் முதியோர் இல்லம், ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறை. பல இடங்களில் ஒலிபெருக்கி கிடையாது. சில இடங்களில் கேட்பவர்கள் இருபது பேர்கூட இல்லை.

சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்து, "சேர், பிள்ளைக்கு அரங்கேற்றம் நெருங்குது. இந்த நேரத்தில கோயிலுக்கும் சேர்ச்சுக்கும் அனுப்பி ஏன் மினக்கெடுத்திறியள்? பெரிய கச்சேரிக்கு ஆயத்தப்படுத்தலாமே" என்று கேட்டார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. பிள்ளையின் நன்மையை நினைத்துக் கேட்ட கேள்வி அது. அன்று அவருக்கு இரண்டு வாக்கியத்தில் பதில் சொன்னேன். முழுப் பதிலை இன்று உங்கள் எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

நாம் எல்லோரும் "பெரிய கச்சேரி" என்று நினைக்கிற சென்னை இசைவிழாவிலிருந்தே தொடங்குவோம். அதன் பிறப்பே ஒரு விடுமுறையில்தான். அந்தக் காலத்தில் இந்திய தேசிய காங்கிரசின் ஆண்டு மாநாடுகள் டிசம்பர் கடைசி வாரத்தில் கூடுவது வழக்கம். அந்த வாரத்தில் நீதிமன்றங்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. காங்கிரசில் இருந்த வழக்கறிஞர்களால் அப்போது பயணம் செய்ய முடியும். 1927 டிசம்பரில் மாநாடு சென்னையில் கூடியபோது, அதோடு சேர்த்து அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. இசைக்கென ஒரு கழகம் வேண்டும் என்று அங்கே முடிவெடுத்தார்கள். மறு ஆண்டு, 1928 ஆகஸ்ட் 18 அன்று, சென்னை மியூசிக் அகாடமி தொடங்கி வைக்கப்பட்டது. தொடக்க விழா நடந்த இடம் எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கம். கர்நாடக இசையின் தலைமைப் பீடம் என்று இன்று நாம் போற்றுகிற அமைப்பு, கிறிஸ்துமஸ் விடுமுறையில் கருக்கொண்டு, ஒரு கிறிஸ்தவ இளைஞர் சங்க அரங்கில் பிறந்தது. பண்டிகையும் கச்சேரியும் வேறு வேறு என்று எண்ணுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே சென்னையில் பாடலாசிரியர் பாபநாசம் சிவன் இருந்தார். அவர் பாடல்களை அகாடமி மேடையில் பாடாத வித்துவான் இல்லை. அந்தச் சிவன் மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை பாடிக்கொண்டே நடந்தார். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி, பனியில், கூட வருகிறவர்களோடு சேர்ந்து பாடினார். நுழைவுச்சீட்டு கிடையாது, சன்மானம் கிடையாது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் நிமிர்ந்து கேட்பார்கள். அந்தக் கேள்வி ஞானத்தில் வளர்ந்த ஊர்தான் பின்னர் சபாக்களை நிரப்பியது.

எங்கள் யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல் மறைந்தார். நாற்பத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. அவர் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டுத் தவில்காரர்கள் இன்றும் கைகூப்புவார்கள். அந்தக் கை எங்கே பழுத்தது? கோயில் திருவிழாக்களில். சாமி வெளி வீதி சுற்றி வரும் இரவுகளில், ஒவ்வொரு வீதி மூலையிலும் மேளச் சமா நடக்கும். ஊர் முழுதும் மண்ணில் இருந்து கேட்கும். பாய் கொண்டுவந்து விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு, தாய்மார் விழித்திருந்து கேட்பார்களாம். என் தகப்பனார் அந்த இரவுகளைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய விரல்கள் தாமாகவே தொடையில் தாளம் போடும். அவர் ஒரு நாளும் தவிலைத் தொட்டவர் அல்லர். கேட்டவர். கேட்டவரின் விரலிலும் மேளம் தங்கியிருந்தது.

எனக்கு இசை வந்த வழியும் அதுதான். வலிகாமத்தில் எங்கள் ஊரில், திருவெம்பாவைக் காலத்தில் அதிகாலை நாலு மணிக்குச் சங்கு ஊதும், சேமக்கலம் ஒலிக்கும். வீதி வழியே பாடிக்கொண்டு வருவார்கள். நான் போர்வைக்குள் இருந்து கேட்பேன். சேமக்கலத்தின் அந்த அடி தூரத்தில் தொடங்கி, எங்கள் படலையருகே பெரிதாகி, மீண்டும் தூரத்தில் தேயும். ஒரு தாளம் வந்து போவதைச் செவியால் அளக்க நான் பழகியது அப்போதுதான். குருவிடம் போய்ச் சேர்ந்தது அதற்குப் பின்னர்.

விழா எவ்வளவு தூரம் பாட்டைச் சுமக்கும் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. தாய்லாந்து அரசவையில் பிராமணர்கள் ஆண்டுதோறும் ஒரு விழா எடுக்கிறார்கள். அதன் பெயரிலேயே திருவெம்பாவையும் திருப்பாவையும் கேட்கும். அந்த நாட்டு வாயில் திரியம்பாவாய், திரிபாவாய் என்று திரிந்திருக்கிறது. தமிழ்ப் பாசுரங்களை அவர்கள் இன்றும் ஓதுகிறார்கள். பேச்சுத் தமிழ் அவர்களை விட்டுப் போய்ப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. பொருள் தெரியாமலே ஓதுகிறார்கள். மொழி போன பிறகும் பாட்டு நின்றிருக்கிறதென்றால், ஆண்டுதோறும் அந்த நாளில் யாரோ ஒருவர் முறை தவறாமல் வந்து நின்றிருக்கிறார் என்றுதான் பொருள்.

நான் இன்று சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான். பண்பாட்டோடு நமக்குள்ள உறவு, குறித்த நாளில் குறித்த இடத்தில் போய் நிற்பதால் உயிரோடு இருக்கிறது. இரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டால் அது இருக்காது.

இரத்தத்தைப் பற்றிப் பேசியதால், இரத்தத் தொடர்பு இல்லாமலே இந்த இசைக்கு வந்த சிலருடைய பெயர்களை இங்கே சொல்ல வேண்டும்.

நாம் இந்த நகரத்துக்கு வருவதற்கு முன்பே இந்தியாவின் பாட்டு இங்கே வந்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தரின் சீடர் விஷ்ணுதேவானந்தர், 1959இல் மொன்றியலில் தமது யோக நிலையத்தைத் தொடங்கினார். பிறகு வடக்கே லோரன்சியன் மலைப்பகுதியில் வால் மொரேன் ஆச்சிரமம் எழுந்தது. அங்கே சுப்பிரமணியர், ஐயப்பன் கோயிலும் உண்டு. கோடைகாலத்தில் நம்மவர்கள் அங்கே காவடி எடுப்பதும் உண்டு. 1969 ஜூன் 1 அன்று, மொன்றியல் குயின் எலிசபெத் ஹோட்டல் அறையில் ஜான் லெனன் தமது சமாதானப் பாட்டை ஒலிப்பதிவு செய்தபோது, கூடப் பாடியவர்களில் இந்த நாட்டு ராதா கிருஷ்ணன் கோயில் அடியார்களும் இருந்தார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகுதான் நாம் பெருந்தொகையாக வரத் தொடங்கினோம். 

இந்த நாட்டவரான ஷான் மாடிவெட்ஸ்கி, காசிப் பாணித் தபேலா மேதை பண்டிட் சாரதா சகாயின் சீடர். இன்று மக்கில் பல்கலைக்கழக இசைப் பள்ளியில் தபேலா கற்பிக்கிறார். கேத்தரின் பாட்டர் இந்த நகரத்துக் கலைஞர். ஹரிபிரசாத் சௌராசியாவிடம் புல்லாங்குழல் பயின்றவர். அவர்களுக்கு முன்னால் ஜான் ஹிக்கின்ஸ். 1939இல் அமெரிக்காவில் பிறந்தவர். பரத நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பிமாரான ரங்கநாதனிடமும் விசுவநாதனிடமும் கற்று, திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையில் பாடினார். சென்னை அவரைப் "பாகவதர்" என்றே அழைத்தது. 1971இல் ரொறன்ரோ யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கியவர்கள் அவரும், பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடரான திருச்சி சங்கரனும். கனடாவில் மிருதங்கம் வாசிக்கிற என்னைப் போன்ற ஒவ்வொருவரும் அந்த வகுப்பறைக்குக் கடன்பட்டவர்கள். 1984 டிசம்பரில் வீதியில் நடந்து சென்றபோது வாகனம் மோதி ஹிக்கின்ஸ் இறந்தார். நாற்பத்தைந்து வயது.

ஹிக்கின்சுக்குத் தமிழ் இரத்தம் கிடையாது. குருவின் முன் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். அழைத்த விழாவுக்குப் போய்ப் பாடினார். அதனால் பாகவதர் ஆனார். நம் பிள்ளைகளுக்கும் வழி அது ஒன்றுதான். பிறப்பினால் அவர்களுக்குக் குறுக்கு வழி ஏதும் திறந்துவிடாது.

இனி இந்த நகரத்தின் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிருதங்கம் காவிரிக் கரையின் காற்றுக்குச் செய்யப்பட்ட வாத்தியம். இங்கே வெளியே மைனஸ் 20 பாகை. உள்ளே வெப்பமூட்டி ஓடி ஓடி, காற்றில் இருந்த ஈரமெல்லாம் வற்றிப்போகும். தோல் இறுகிச் சுருதி ஏறிவிடும். வலந்தலையின் கரும்பூச்சான கரணையில் மயிரிழை வெடிப்பு விழும். இடந்தலையான தொப்பியில் அப்பிய ரவை இரண்டாவது பாட்டுக்குள் காய்ந்து உதிரும். அதனால் மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், உறையைத் திறக்காமல் வாத்தியத்தை ஓரிடத்தில் வைத்துவிடுவேன். அந்த அறையின் காற்றுக்கு அது பழக வேண்டும். பிறகுதான் கல்லும் கட்டையும் கொண்டு சுருதி சேர்ப்பேன். என் மாணவர்களுக்கு நான் சொல்லும் முதற்பாடமும் இதுவே: புது இடத்துக்குப் போனால் உடனே வாசிக்கத் தொடங்காதே, முதலில் அந்த இடத்தில் இரு.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் அந்தப் பாடம் தேவைப்பட்டது. என் மாணவி ஒருத்தியின் தாயார் நகரத்தின் கிழக்குப் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறார். நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை அங்கே வாசிக்க வரச்சொன்னார். போனால், கியூபெக் நாட்டுப்புற ஃபிடில் கலைஞர் ஒருவர் முன்பே வந்திருந்தார். எழுபது வயது இருக்கும். "சேர்ந்து வாசிப்போமா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

உங்களில் பலர் அவர்கள் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் வயலின்காரர் தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்வார். அவர்கள் நாற்காலியில் அமர்ந்து, இரண்டு பாதத்தாலும் மரத்தரையில் தாளம் தட்டிக்கொண்டே வாசிப்பார்கள். நாம் கையால் போடும் தாளத்தை அவர்கள் காலால் போடுகிறார்கள். வாத்தியமோ ஒன்றுதான். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் வாசிப்பைக் கேட்டுக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்த வயலின் அது.

அவர் ரீல் என்னும் நடன மெட்டு ஒன்றை எடுத்தார். எட்டெட்டாக எண்ணிக்கொண்டு ஆதி தாளமாகவே வாசித்தேன். மூன்றாம் சுற்றில் ஒரு எண்ணிக்கையைக் காணவில்லை. நான் சமத்துக்கு வரும்போது அவர் ஏற்கெனவே அடுத்த அடியில் இருந்தார். மறுபடி சேர்ந்தேன். மறுபடி தவறினேன். கியூபெக்கில் "கோணல் மெட்டுகள்" என்று ஒரு வகை உண்டு. எங்காவது ஓர் அடி கூடும், எங்காவது குறையும். பாட்டனிடமிருந்து பேரனுக்குச் செவிவழியே வந்த மெட்டுகள், கணக்குக்குள் அடங்காதவை. அவர் வில்லை நிறுத்தவில்லை. தலையை மட்டும் என் பக்கம் திருப்பி, "எண்ணாதே, என் காலைக் கேள்" என்றார். எண்ணுவதை நிறுத்தினேன். காலைக் கேட்டேன். நாலாம் சுற்றில் இருவரும் ஒன்றாகப் போய் இறங்கினோம். "பாட்டைக் கேட்டு வாசி, கணக்கை வாசிக்காதே" என்று என் குரு எத்தனையோ தடவை சொன்னதை, ஒரு நத்தார் விழாவில், பிரெஞ்சில் எனக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தார் அந்தப் பெரியவர். எந்தச் சபா மேடையிலும் எனக்கு அது கிடைத்திருக்காது.

பிறகு அவர் பாடத் தொடங்கினார். அவர் ஒரு வரி பாட, அங்கிருந்த முதியவர்கள் எல்லோரும் அதைத் திருப்பிப் பாடினார்கள். "மறுமொழிப் பாட்டு" என்று அதற்குப் பெயர். நத்தார் இரவு விருந்துகளில் குடும்பமாக அமர்ந்து பாடுவது அவர்கள் வழக்கம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாகவதர் ஒரு வரி எடுத்துக்கொடுக்க, கோஷ்டி வாங்கிப் பாடும் நம் பஜனையின் முறை அப்படியே அங்கே இருந்தது.

ஒரு பாட்டி, "உங்கள் ஊரில் இந்த மாதம் என்ன பாடுவீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பாட வராது. எங்களை அழைத்த அந்தத் தாதி, வேலை உடுப்போடு, மருந்துத் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் திருவெம்பாவை பாடினார். நான் மெல்லிதாகக் கூட வாசித்தேன். அந்த இருபது பாட்டும் ஒரே முடிவுச் சொற்களில்தான் முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாவது பாட்டின் முடிவில் அந்த முதியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மாணிக்கவாசகர் அமைத்து வைத்த முடிவைப் பிரெஞ்சு நாக்குகள் திருப்பிப் பாடின. ஃபிடில்காரப் பெரியவர் காலால் எனக்குத் தாளம் போட்டார்.

அந்தத் தாதியின் மகள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கியூபெக்கின் 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின்படி இங்கே நம் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, வீதியில் ஆங்கிலம். மூன்று மொழியும் மூன்று பெட்டிகளாகப் பூட்டிக் கிடந்த அந்தப் பிள்ளைக்கு, அன்றுதான் இரண்டு பெட்டிகள் ஒன்றாகத் திறந்தன. மறு வாரம் வகுப்புக்கு வந்து, "மாஸ்டர், எனக்கும் அம்மா பாடின பாட்டுக்கு வாசிக்கச் சொல்லித் தாங்கோ" என்று கேட்டாள். அப்போது நாலு வருடமாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. தானாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

தேவாலயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நத்தார் வழிபாட்டில் மிருதங்கம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார், சரபோஜி மன்னரோடு சேர்ந்து கல்வி கற்றவர். குறவஞ்சி என்னும் தமிழ் வடிவத்தில் பெத்லகேமைப் பாடி, அதற்குப் "பெத்லகேம் குறவஞ்சி" என்றே பெயர் வைத்தார். இராகமும் தாளமும் குறித்துப் பாடியவை அவர் கீர்த்தனைகள். இருநூறு ஆண்டாகத் தமிழ்த் திருச்சபைகள் அவற்றைப் பாடி வருகின்றன. ஆகவே நத்தார் இரவில் நான் தேவாலயத்தில் சம்மணமிட்டு அமரும்போது விருந்தாளியாக அமர்வதில்லை. தஞ்சாவூர் எனக்கு முன்பே அங்கே போய்விட்டது.

அன்புள்ள பெற்றோர்களே, அரங்கேற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை இரண்டு மணி நேரம் மேடையில் அமர்ந்து வாசித்துத் தன் உழைப்பைக் காட்டுவது நல்லது. ஆனால் அரங்கேற்றம் ஒரு நாள். அந்த நாள் முடிந்ததும் மிருதங்கம் உறைக்குள் போய், நிலவறையில் குளிரில் கிடந்து, கரணை வெடித்துப்போன வீடுகள் இந்த நகரத்தில் எத்தனை என்று எனக்குத் தெரியும். பழுது பார்க்க என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள். தோலை மாற்றிக் கொடுக்கலாம். வாசிக்க ஒரு நாளும் ஒரு இடமும் இல்லாத பிள்ளைக்கு என்னால் எதை மாற்றிக் கொடுக்க முடியும்?

விழா அந்த நாளையும் அந்த இடத்தையும் தருகிறது. "இந்த வருடம் திருவெம்பாவைக்கு நீ வரவில்லையே?" என்று கேட்க ஒரு குருக்கள் இருப்பார், ஒரு பாட்டி இருப்பார். அப்படிக் கேட்க ஆள் இருக்கிறவரை பிள்ளை வாத்தியத்தை விடாது.

அடுத்த மார்கழிக்கு இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். மார்கழியில் ஒரு விடியற்காலை உங்கள் பிள்ளையை வாத்தியத்தோடு டொலார்-தே-ஒர்மோ முருகன் கோயிலுக்குக் கூட்டி வாருங்கள். நத்தார் வாரத்தில் ஒரு பிற்பகல், உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் அரை மணி நேரம் வாசிக்க வையுங்கள். இந்த இரண்டு நாள் மட்டும் கொடுங்கள். வாத்தியத்துக்குச் சுருதி சேர்த்து, பக்கத்தில் அமர்ந்து, பிள்ளை தவறினால் பிடித்துக்கொள்ள நான் வருகிறேன். அதற்கு நான் கட்டணம் வாங்கப் போவதில்லை.